செலவுக் குறைப்புத் திட்டம்: மிச்சம் லெட்ஜரில் தெரியும்வரை

நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஒரு வருடம் முழுக்கச் செலவுக் குறைப்புத் திட்டம் ஓடியது. சுவரில் பலகை, மாதா மாதம் கூட்டம், நல்ல யோசனைக்குப் பரிசு, எல்லாம் உண்டு. வருடக் கடைசியில் துறைகள் சொன்ன மிச்சத்தையெல்லாம் கூட்டினால் மொத்தச் செலவில் 9 சதவீதம் வந்தது. நான் கணக்குப் பிரிவில் இருந்தேன். என் கையிலிருந்த வருடக் கணக்கில், உற்பத்தி கிட்டத்தட்ட அதே அளவில் இருக்க, செலவு போன வருடத்தைவிட 2 சதவீதம் கூடியிருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை.

மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தேடினோம். ஒரு பங்கு "நேர மிச்சம்": வேலை சீக்கிரம் முடிந்தது, ஆனால் யாருடைய சம்பளமும் ஓவர்டைமும் குறையவில்லை. இன்னொரு பங்கு, சப்ளையர் 12 சதவீதம் ஏற்றுவேன் என்றதைப் பேசிப் பேசி 5 சதவீதத்தில் நிறுத்தியது. நல்ல வேலைதான், ஆனாலும் செலவு ஏறத்தான் செய்தது. மீதி மட்டும்தான் உண்மையான மிச்சம், அதுவும் துறையின் பட்ஜெட்டிலேயே கிடந்ததால் வருடம் முடிவதற்குள் வேறு எதற்கோ போய்விட்டது.

அதனால் யோசனைகளை எப்படிப் பிடிப்பது என்பதில் நான் ஆரம்பிக்கப் போவதில்லை. யோசனைகளுக்கு எந்த நிறுவனத்திலும் பஞ்சம் கிடையாது. பிடித்த யோசனை பணமாக மாறி, அந்தப் பணம் வெளியே போகாமல் நிற்கிறதா என்பதில்தான் முக்கால்வாசித் திட்டங்கள் கவிழ்கின்றன.

முதலில்: எதற்காக, எவ்வளவு, யார் பொறுப்பு

எதற்காக என்பதை ஒரே வரியில் எழுத முடிய வேண்டும். அடுத்த மாதச் சம்பளத்துக்கே கையில் பணம் இல்லை என்பது ஒரு நிலைமை. லாப விகிதம் வருடா வருடம் தேய்கிறது என்பது வேறு நிலைமை. முதலாவதில் பணம் வெளியே போவதைத் தள்ளிப் போடுவதுகூட உதவும், தேவையில்லாத சரக்கை விற்பது உதவும். இரண்டாவதில் அவை எதுவும் உதவாது, வேலை நடக்கிற விதத்தையே மாற்ற வேண்டும். இரண்டையும் ஒரே திட்டத்தில் குழப்பினால் அவசரத்துக்குச் செய்ததெல்லாம் நிரந்தர மிச்சமாகப் பட்டியலில் ஏறிவிடும்.

எவ்வளவு என்பதற்கு எல்லாருக்கும் 10 சதவீதம் என்று உத்தரவு போடுவது எளிது. நிர்வாகங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் யாரோடும் வாக்குவாதம் வேண்டாம். ஆனால் அந்த உத்தரவில் ஏற்கெனவே சிக்கனமாக இருந்த துறைதான் அடிபடும். போன வருடமே பட்ஜெட்டை ஊதி வைத்திருந்தவர் சிரித்துக்கொண்டே 10 சதவீதத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். அடுத்த வருடம் சிக்கனக்காரரும் ஊதி வைக்கக் கற்றுக்கொள்வார். மொத்த இலக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், துறைவாரி இலக்கைச் செலவுகளைப் பார்த்த பிறகு பிரியுங்கள்.

பொறுப்பு விஷயத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கும். கணக்குப் பிரிவின் தலைவரிடமே திட்டத்தை ஒப்படைத்துவிடுவார்கள். அவருக்குச் செலவு எங்கே தெரிகிறது என்று தெரியும், அது எங்கே உண்டாகிறது என்று தெரியாது. திட்டத்தை நடத்துபவர் வேலை நடக்கும் பக்கத்திலிருந்து வர வேண்டும், உற்பத்தியோ சேவையோ, எதுவானாலும். கணக்குப் பிரிவு நடுவர் மாதிரி: மிச்சம் மிச்சம்தானா என்று கையெழுத்துப் போடும் அதிகாரம் அவர்களுக்கு மட்டும். விளையாடுபவரே விசிலும் ஊதினால் 9 சதவீதம் என்ன, 19 சதவீதமும் வரும்.

ஆட்குறைப்பு உண்டா இல்லையா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் எழுத்தில் கொடுங்கள். உண்டென்றால் அதை இந்தத் திட்டத்திலிருந்து பிரித்து, முதலிலேயே, ஒரே தடவையில் முடியுங்கள். "என் வேலையைச் சுலபமாக்க ஒரு வழி இருக்கிறது" என்று சொன்னவரின் வேலை மூன்று மாதத்தில் போனால், அந்தக் கூரையின் கீழ் அதற்கப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அடிக்கோடு: எதோடு ஒப்பிடப் போகிறீர்கள்

கடந்த 12 மாத லெட்ஜரை, அதாவது ஒவ்வொரு செலவும் தலைப்புவாரியாக ஏறியிருக்கும் கணக்குப் புத்தகத்தை, இறக்குங்கள். மூன்று மாதம் போதாது, ஏனென்றால் காப்பீடு, வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், போனஸ் மாதிரியானவை வருடத்துக்கு ஒரு தடவை வருபவை. அதில் ஒரே முறை வந்த செலவுகளை, வழக்குச் செலவு, இடம் மாறிய செலவு போன்றவற்றை, தனியாக எடுத்து வையுங்கள். அவை அடிக்கோட்டில் இருந்தால் அடுத்த வருடம் ஒன்றுமே செய்யாமல் மிச்சம் வந்த மாதிரித் தெரியும்.

அப்புறம் ஒவ்வொரு பெரிய செலவுக்கும் பக்கத்தில் அது எதைப் பொறுத்து ஏறி இறங்குகிறது என்று எழுதுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், மின் கட்டணம் 8 சதவீதம் குறைந்துவிட்டது என்று ஒருவர் சந்தோஷமாக வந்து நிற்பார். அதே காலத்தில் உற்பத்தி 12 சதவீதம் குறைந்திருந்தால்? 92-ஐ 88-ஆல் வகுத்தால் 1.045. ஒரு யூனிட் பொருளுக்கான மின்செலவு 4.5 சதவீதம் கூடியிருக்கிறது. அதற்காக உடனே அவரைத் திட்டவும் கூடாது, மின்சாரத்தில் ஒரு பகுதி உற்பத்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எரிவது, விளக்கும் ஏசியும் சர்வரும். எனவே நிலையான பகுதி எவ்வளவு, உற்பத்தியோடு நகரும் பகுதி எவ்வளவு என்று பிரித்தால்தான் குறைந்ததா கூடியதா என்று பேசவே முடியும். 12 மாத பில்லையும் 12 மாத உற்பத்தியையும் எக்ஸெலில் புள்ளி வைத்து ஒரு கோடு இழுத்தால் போதும், அந்தக் கோடு உற்பத்தி பூஜ்யமாகும் இடத்தில் எவ்வளவில் நிற்கிறதோ அதுதான் சுமாராக உங்கள் நிலையான பகுதி.

அதே மாதிரி வாங்கும் பொருட்களில் விலையால் வந்த மாற்றம், அளவால் வந்த மாற்றம் இரண்டையும் பிரியுங்கள். விலை 4 சதவீதம் குறைந்து, உற்பத்தி கூடாமலே வாங்கிய அளவு 10 சதவீதம் கூடினால், பர்ச்சேஸ் பிரிவு ஜெயித்தது, நிறுவனம் தோற்றது.

விதிமுறையை விளையாட்டு தொடங்குமுன் எழுதுங்கள்

எதை மிச்சம் என்று எண்ணுவது? இதை ஒரு பக்கத்தில் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். நான் மூன்று வாளிகள் வைத்துக்கொள்வேன்.

கெட்டியான மிச்சம்: லெட்ஜரில் ஒரு குறிப்பிட்ட கணக்குத் தலைப்பு, அதே அளவு வேலைக்கு, அடிக்கோட்டைவிடக் குறைந்திருக்கிறது. தலைப்பின் பெயரைச் சொல்ல முடியவில்லையென்றால் அது இந்த வாளியில் சேராது.

தவிர்த்த செலவு: வர இருந்த ஏற்றத்தை நிறுத்தியது, வாங்க இருந்த இயந்திரத்தை வாங்காமல் சமாளித்தது. பாராட்டுங்கள், தனியாகப் பதிவு செய்யுங்கள், மொத்தத்தில் கூட்டாதீர்கள். இல்லாவிட்டால் எங்கள் கதைதான்.

மூன்றாவது நேரம். 12 பேருக்குத் தினம் அரை மணி நேரம் மிச்சம் என்றால் 6 மணி நேரம், அதைச் சம்பள விகிதத்தால் பெருக்கி ஒரு அழகான தொகையைக் காட்டுவார்கள். அந்த 6 மணி நேரத்தால் ஓவர்டைம் குறைந்ததா? வெளியே கொடுத்த வேலையை உள்ளே எடுத்தோமா? ஒருவர் ஓய்வு பெற்றபோது அந்த இடத்தை நிரப்பாமல் விட்டோமா? இதில் ஏதாவது ஒன்று நடந்த நாளில் அது முதல் வாளிக்கு மாறும். அதுவரை இங்கேயே கிடக்கட்டும்.

எங்கே தேடுவது

ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். நிறுவனத்தில் எல்லார் கண்ணும் அசைந்து தின்னும் செலவில்தான் இருக்கும்: பயணப்படி, டீ, ஸ்டேஷனரி. அசையாமல் தின்பவை வேறு: வாடகை, ஒப்பந்தம், சாஃப்ட்வேர் சந்தா, பாதி காலியாக ஓடும் இயந்திரம், மூன்று வருடமாகத் தானாகவே புதுப்பித்துக்கொண்டிருக்கும் பராமரிப்பு ஒப்பந்தம்.

செலவுகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். பெரும்பாலும் அந்தப் பட்டியலின் ஐந்தில் ஒரு பங்கு வரிகளிலேயே பணத்தின் பெரும்பகுதி இருக்கும். அந்த வரிகளை மட்டும் மூன்று கோணத்தில் உடைத்துப் பாருங்கள்: எதை வாங்கினோம், யாரிடம் வாங்கினோம், நமக்குள் யார் கேட்டார்கள். ஒரே பொருளை நான்கு துறைகள் நான்கு விலையில் வாங்குவது இங்கேதான் வெளியே வரும். வெண்டர் பட்டியலை முதலில் சுத்தம் செய்துவிடுங்கள், ஒரே சப்ளையர் ஒரு இடத்தில் புள்ளி வைத்தும் ஒரு இடத்தில் புள்ளி இல்லாமலும் இரண்டு பெயரில் இருப்பார்.

அப்படி இரண்டு பெயரில் இருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு, ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போவது. பில் எண்ணில் ஒரு கோடு அல்லது முன்னால் ஒரு பூஜ்யம் வித்தியாசமாக இருந்தால் கணினி இரண்டாவதையும் புது பில் என்று ஏற்றுக்கொள்ளும். எண்ணை விட்டுவிட்டு, தொகையும் பில் தேதியும் ஒன்றாக இருக்கும் வரிகளை வடிகட்டிப் பாருங்கள். ஒரு மதிய நேர வேலை. இரண்டு வருடக் கணக்கில் ஏதாவது அகப்படும் என்று தைரியமாகச் சொல்வேன்.

சாஃப்ட்வேர் சந்தாவுக்கு இன்னும் சுலபமான வழி. லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் பட்டியலையும் இப்போது சம்பளம் வாங்குபவர்களின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வேலையை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் இன்னும் லைசென்ஸ் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்து, கடந்த 90 நாளில் ஒரு தடவைகூட உள்ளே நுழையாதவர்கள். அடுத்து, ஒவ்வொரு ஒப்பந்தமும் எந்தத் தேதியில் தானாகப் புதுப்பிக்கிறது, எத்தனை நாள் முன்னால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இந்தக் கடைசித் தகவலை ஒருவருடைய காலெண்டரில் ஏற்றாமல் விட்டால் மற்ற இரண்டும் வீண், ஒரு நாள் தவறினால் இன்னொரு வருடம் கட்ட வேண்டியதுதான்.

நான்கு கேள்விகள், இந்த வரிசையில்

செலவைக் குறைக்கச் சொன்னதும் எல்லாரும் சப்ளையருக்கு போன் போட்டு விலையைக் குறை என்பார்கள். விலை நான்காவது கேள்வி.

முதல் கேள்வி, இது வேண்டுமா? யாரும் படிக்காத வாராந்திர அறிக்கை, இரண்டு இடத்தில் நடக்கும் ஒரே பரிசோதனை. நிறுத்திப் பார்த்து, யாராவது கேட்கிறார்களா என்று ஒரு மாதம் காத்திருப்பது மோசமான வழி இல்லை (பாதுகாப்பும் சட்டமும் சம்பந்தப்பட்டதைத் தவிர, அதில் விளையாட வேண்டாம்).

இரண்டாவது, இவ்வளவு வேண்டுமா, இத்தனை தடவை வேண்டுமா?

மூன்றாவது, இந்தத் தரத்தில்தான் வேண்டுமா? இந்தக் கேள்வியை ஒரு முறையாகவே ஆக்கியவர் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் கொள்முதல் பக்கம் வேலை பார்த்த பொறியாளர் லாரன்ஸ் மைல்ஸ். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் கேட்ட மூலப்பொருள் கிடைக்காமல் மாற்றுப் பொருளைத் தேட வேண்டியிருந்தது. அப்படிக் கிடைத்த மாற்றுகளில் பல, விலையும் குறைவு, வேலையும் அதே அளவோ இன்னும் நன்றாகவோ செய்தன. பஞ்சத்தில் தற்செயலாக நடந்ததை ஏன் வேண்டுமென்றே செய்யக் கூடாது என்று கிளம்பி, 1947-ல் மதிப்புப் பகுப்பாய்வு என்ற முறையை உருவாக்கினார். அதன் சூட்சுமம் சின்னதுதான்: பொருளின் பெயரைச் சொல்லாமல் அது செய்யும் வேலையை இரண்டே வார்த்தையில் சொல்லுங்கள், ஒரு பெயர்ச்சொல், ஒரு வினைச்சொல். அட்டைப்பெட்டி என்று சொன்னால் விலை குறைந்த அட்டைப்பெட்டிதான் நினைவுக்கு வரும். "பொருளைக் காப்பது" என்று சொன்னால், திரும்பத் திரும்பப் பயன்படும் டப்பா வரும், பொருளையே உடையாதபடி மாற்றுவது வரும், ஏற்றி இறக்கும் இடத்தைக் குறைப்பது வரும். ஒரு மணி நேரம் ஐந்து பேர் உட்கார்ந்து இப்படிப் பேசிப் பாருங்கள், பத்துக் கோட்டேஷன் வாங்குவதைவிட அதிகம் கிடைக்கும்.

அப்புறம்தான் விலை. அதிலும் வாங்கும் விலையை மட்டும் பார்க்காமல் ஆயுள் முழுக்க ஆகும் செலவைப் பாருங்கள், தொடர்ந்து ஓடும் மோட்டார் ஒன்றின் ஆயுளில் அது குடிக்கும் மின்சாரத்தோடு ஒப்பிட்டால் வாங்கிய விலை ஒரு ஓரத்தில்தான் நிற்கும். சப்ளையருக்குப் பணம் தருவதைத் தள்ளிப் போடுவது மிச்சம் இல்லை, கடன். சில சமயம் விலை உயர்ந்த கடன்: 10 நாளில் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி, இல்லையென்றால் 30 நாள் என்று ஒரு சப்ளையர் சொல்கிறார் என்று வையுங்கள். தள்ளுபடியை விட்டுவிட்டு 20 நாள் தாமதமாகக் கட்டுவது ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் சுமார் 37 சதவீதம். தொழில் கடனுக்கு வங்கிகள் பொதுவாக அவ்வளவு கேட்பதில்லை.

நடந்து பாருங்கள்: கம்ப்ரசர் அறை உதாரணம்

லெட்ஜரில் தெரியாத செலவுகள் நடந்து போனால்தான் தெரியும். எல்லாரும் சாப்பிடப் போன நேரத்திலோ விடுமுறை நாளிலோ போங்கள். வேலை நடக்காதபோது எது ஓடுகிறது என்று பாருங்கள்.

காற்றழுத்தம் பயன்படுத்தும் ஆலை என்றால் நேராகக் கம்ப்ரசர் அறை, காற்றை அழுத்திக் குழாய்க்கு அனுப்பும் இயந்திரம் இருக்கும் இடம். அமைதியான நேரத்தில் குழாய் வழியே நடந்தாலே உஸ்ஸென்று காதில் விழும். சரியாகப் பராமரிக்காத ஆலைகளில் கம்ப்ரசர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் கசிவிலேயே போவது சாதாரணம். அளப்பதும் சுலபம்: காற்றை எந்த இயந்திரமும் எடுக்காதபோது கம்ப்ரசரை ஓட விட்டு, எத்தனை நிமிடம் காற்று அடிக்கிறது, எத்தனை நிமிடம் சும்மா சுற்றுகிறது என்று கடிகாரத்தில் குறியுங்கள். 2 நிமிடம் அடித்து 6 நிமிடம் சும்மா இருந்தால், 8-ல் 2, கசிவு 25 சதவீதம்.

சரி, இப்போது பத்து கசிவை அடைத்துவிட்டீர்கள். மின் கட்டணம் அதே அளவு குறையுமா? வேகம் மாறாத கம்ப்ரசர் சும்மா சுற்றும்போதும் கணிசமான மின்சாரத்தை எடுக்கும். இரண்டு கம்ப்ரசர் ஓடுகிற இடத்தில் கசிவை அடைத்த பிறகும் இரண்டும் ஓடினால், காற்று மிச்சமாகும், கட்டணத்தில் கொஞ்சம்தான் அசையும். ஒன்றை நிறுத்த வேண்டும், நிறுத்துவதற்கு ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும், அழுத்தம் குறைந்தால் யாரைக் கூப்பிடுவது என்று ஷிப்ட் இன்சார்ஜுக்குத் தெரிய வேண்டும். யோசனைக்கும் பணத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கடைசி அடி எல்லாச் செலவிலும் இருக்கிறது. இடத்தைக் காலி செய்தால் போதாது, வாடகை ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வண்டிச் சுற்றைக் குறைத்தால் போதாது, ஒரு வண்டியை நிறுத்த வேண்டும்.

மின்விசிறி, பம்பு இருக்கும் இடங்களில் இன்னொன்று: வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும், ஏனென்றால் அது வேகத்தை மூன்று தடவை பெருக்கிய கணக்கில் போகிறது (0.8 × 0.8 × 0.8, சுமார் 0.51). வால்வை மூடி ஓட்டத்தைக் குறைப்பதும் வேகத்தைக் குறைப்பதும் ஒன்றில்லை. உயரத்துக்கு நீர் ஏற்றும் பம்புக்கு மட்டும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, பார்த்துச் செய்யுங்கள்.

ஸ்க்ராப் தொட்டியையும் பாருங்கள், ஆனால் எடையை மட்டும் அளக்காதீர்கள். முதல் கட்டத்தில் கழிந்த துண்டு மூலப்பொருள் விலை மட்டும். கடைசிக் கட்டத்தில் கழிந்த அதே துண்டில் அதுவரை போட்ட கூலி, மின்சாரம், இயந்திர நேரம் எல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கும். கடைசித் தொட்டியிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

அலுவலகத்திலும் நடக்கலாம், காகிதத்தோடு. ஒரு சின்னப் பொருள் வாங்கும் விண்ணப்பத்தைக் கையில் எடுத்து அது போகும் மேஜையெல்லாம் கூடவே போங்கள். நான் ஒரு தடவை போனேன். ஒரு கட்டு பேனா அளவுக்கு ஒரு பொருள், ஏழு கையெழுத்து, பதினொரு நாள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். செலவைக் கட்டுப்படுத்தத்தான் அந்த ஏழு கையெழுத்தும் வந்தன. ஏழு பேரில் யாரும் உண்மையில் பார்க்கவில்லை என்பது இன்னொரு விஷயம், ஆறு பேர் போட்டிருக்கிறார்களே என்று ஏழாமவர் போடுகிறார்.

எதைச் செய்வது, எதைத் தொடக் கூடாது

இப்போது கையில் ஐம்பது, அறுபது யோசனை இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வருட மிச்சம், ஒரே தடவை ஆகும் செலவு, எத்தனை மாதம், என்ன கெடலாம் என்று நான்கு கட்டம் மட்டும் நிரப்புங்கள். முதல் மாதத்தில் முடியக்கூடிய ஐந்தாறைச் செய்துவிடுங்கள், அது நம்பிக்கைக்கு. பெரிய நான்கைந்துக்குத் தகுந்த ஆளும் நேரமும் கொடுங்கள், பணம் அதில்தான். நடுவில் கிடக்கும் மீதியைத் தைரியமாகக் கிடப்பில் போடுங்கள். அறுபதையும் ஒரே நேரத்தில் ஓட்டிய இடங்களில் கூட்டம்தான் ஓடியது.

தொடக் கூடாதது என்று எனக்கு ஒரு பட்டியல் உண்டு: தடுப்புப் பராமரிப்பு, பயிற்சி, பாதுகாப்பு, வாடிக்கையாளர் கையில் படுகிற எதுவும். இவற்றை வெட்டினால் மிச்சம் இந்த வருடம் தெரியும், செலவு அடுத்த வருடம் வேறு தலைப்பில் வரும், அதற்குள் வெட்டியவர் பதவி உயர்வு வாங்கிப் போயிருப்பார். கோபமாகத்தான் சொல்கிறேன், பார்த்திருக்கிறேன். பேரிங்குக்கு கிரீஸ் போடும் ஒப்பந்தத்தை நிறுத்திய மிச்சமெல்லாம், ஒரு நாள் லைன் நின்றதில் போனது.

எல்லாச் செலவையும் பூஜ்யத்திலிருந்து நியாயப்படுத்தும் பட்ஜெட் முறையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் பீட்டர் பைர் உருவாக்கி, 1970-ல் எழுதி வெளியே கொண்டுவந்த முறை அது. ஜிம்மி கார்ட்டர் அதை ஜார்ஜியா மாநிலத்தில் பயன்படுத்தி, அதிபரானதும் அமெரிக்க மத்திய அரசுக்கும் கொண்டுவந்தார். 1981-ல் அடுத்த ஆட்சி கைவிட்டுவிட்டது. முறை நல்ல முறைதான், காகிதம்தான் ஆளை விழுங்கும். வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு துறைகளுக்கு மட்டும் செய்தால் தாங்கும், மூன்று வருடத்தில் எல்லாத் துறையும் ஒரு சுற்று வந்துவிடும்.

நடத்துவது

ஒவ்வொரு யோசனைக்கும் ஒரே ஒரு பெயர். குழுவின் பெயர் எழுதினால் யாரும் செய்ய மாட்டார்கள். நிலைகள் ஐந்து: எண்ணம், கணக்குப் போட்டது, ஒப்புதல் ஆனது, செய்து முடித்தது, லெட்ஜரில் தெரிந்தது. பலகையில் மேலே போடும் மொத்தத் தொகை ஐந்தாவது நிலையில் உள்ளதற்கு மட்டும். முதல் மூன்று மாதம் அந்த இடத்தில் பூஜ்யமோ பூஜ்யத்துக்குப் பக்கமோ இருக்கும், மேலிடம் பதறும், நான்காவது நிலையையும் சேர்த்துக் காட்டலாமே என்பார்கள். கொடுக்காதீர்கள்.

வாரம் ஒரு கூட்டம், 30 நிமிடம். நகர்ந்தது எது என்று பேச வேண்டாம், அதைப் பலகையே சொல்லும். நகராதது எது, யார் வழியை விட வேண்டும், அவ்வளவுதான். மாதம் ஒரு முறை கணக்குப் பிரிவின் நடுவர் வந்து ஒவ்வொரு தொகையையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார், அல்லது அடித்துவிடுவார்.

வேலை செய்பவர்களிடமிருந்து யோசனை கேட்டால், பத்து நாளுக்குள் பதில் சொல்லுங்கள். "முடியாது, இந்தக் காரணத்தால்" என்பதும் பதில்தான். பெட்டி வைத்து, சீட்டு வாங்கி, மௌனமாக இருப்பதைவிடக் கேட்காமலே இருந்திருக்கலாம். பரிசைப் பெரிதாக வைத்தால் யோசனையைப் பதுக்குவார்கள், யாருடைய யோசனை என்று சண்டை வரும். சின்னதாக, உடனே, எல்லாருக்கும் கொடுப்பது நல்லது. அப்புறம், மேலிடத்துக் கார்களைத் தொடாமல் கடைநிலை ஊழியரின் கையுறையை எண்ணிக் கொடுக்க ஆரம்பித்தீர்கள் என்றால் இந்த வழிகாட்டியை மூடி வைத்துவிடலாம்.

பூட்டு

நாங்கள் கோட்டைவிட்ட இடம் இதுதான். மிச்சம் உறுதியான மாதத்திலேயே அந்தத் துறையின் பட்ஜெட்டில் அந்தத் தலைப்பைக் குறைத்துவிட வேண்டும். அடுத்த வருட பட்ஜெட்டில் பார்த்துக்கொள்வோம் என்று விட்டால் பணம் இருக்கும் இடத்தில் செலவு முளைக்கும்.

துறைத் தலைவர்கள் இதை விரும்ப மாட்டார்கள், நியாயம்தான். நான் உழைத்து மிச்சம் பிடித்தேன், நீ பிடுங்கிக்கொள்கிறாய் என்பார்கள். அதற்கு ஒரு பேரம் வேலை செய்கிறது: முதல் வருட மிச்சத்தில் ஒரு பங்கு, கால்பங்கு என்று வையுங்கள், அந்தத் துறை தன் வேலையை மேம்படுத்த எடுத்துக்கொள்ளலாம், எதற்கு என்று முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு. இரண்டாம் வருடத்திலிருந்து முழுக்க நிறுவனத்துக்கு.

விலையில் கிடைத்த மிச்சத்துக்குப் பூட்டு வேறு. பேசி முடித்த விலை பர்ச்சேஸ் சிஸ்டத்தில் ஏறியிருக்க வேண்டும், பர்ச்சேஸ் ஆர்டர் இல்லாத பில்லுக்குப் பணம் கிடையாது, ஆர்டர், ஸ்டோர்ஸ் வரவுச் சீட்டு, பில் மூன்றும் ஒத்துப்போனால்தான் கட்டுவது. புது விலை ஒப்பந்தத்தில் இருக்க, ஆறு மாதமாகப் பழைய விலையிலேயே பில் வந்து, அதற்குப் பணமும் கொடுத்துக்கொண்டிருந்த கதைகள் நிறைய உண்டு.

ஆறு மாதம் கழித்து

பட்டியலில் லெட்ஜரில் தெரிந்தது என்று கையெழுத்தான யோசனைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஐந்தை எடுங்கள். காகிதத்தைப் பார்க்க வேண்டாம், இடத்துக்கே போங்கள். ரத்து செய்த லைசென்ஸ்கள் வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறதா, ஏழு கையெழுத்து இரண்டானது மறுபடி நான்காகிவிட்டதா என்று பாருங்கள். கம்ப்ரசர் அறைக்கு இரவு ஷிப்டில் போங்கள். நிறுத்தியதாகச் சொன்ன இரண்டாவது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் யாரையும் கத்த வேண்டாம், எந்த லைனில் அழுத்தம் போதவில்லை என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள், அவர் காட்டும் இடத்தில் அநேகமாக ஒரு புதுக் கசிவு இருக்கும். அதை அடைக்கும்வரை அந்த வரியை ஐந்தாவது நிலையிலிருந்து நான்காவதுக்கு இறக்கி வையுங்கள்.